பாதை வெட்டிய மாணவர்கள்



1818 மார்ச் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு கல்லூரி வழக்கு விசாரணைக்கு வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டமன்றம், டார்ட்மத் என்ற தனியார் கல்லூரியின் பட்டயத்தை மாற்றி அதை அரசின் பிடிக்குள் கொண்டுவரச் சட்டம் போட்டிருந்தது. கல்லூரிக்காக வாதாட எழுந்தவர் டேனியல் வெப்ஸ்டர். 1801-ல் அதே கல்லூரியில் படித்து முடித்தவர். சட்ட நுணுக்கமெல்லாம் பேசித் தீர்த்த பிறகு, கடைசியில் குரல் தழுதழுக்க, இது சின்னக் கல்லூரிதான், ஆனாலும் இதன்மேல் பாசம் வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். சொன்னதாகப் பின்னாளில் எழுதிவைத்தவர்கள் உண்டு; நீதிமன்றப் பதிவில் அது இல்லை. எப்படியோ, 1819-ல் தீர்ப்பு கல்லூரிக்குச் சாதகமாக வந்தது. அமெரிக்க ஒப்பந்தச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

இன்றைய பேச்சு சட்டத்தைப் பற்றியது அல்ல. அந்தச் சின்னக் கல்லூரியின் பிள்ளைகள் வகுப்பு முடிந்தால் எங்கே போகிறார்கள் என்பதைப் பற்றியது.

டார்ட்மத் இருக்கும் ஊர் ஹனோவர். கனெக்டிகட் ஆற்றின் கிழக்குக் கரை. பாலத்தைத் தாண்டினால் வெர்மான்ட் மாநிலம். வடகிழக்கே ஒயிட் மவுன்டன்ஸ் என்ற மலைத்தொடர். இளநிலை மாணவர்கள் சுமார் 4,400 பேர். மருத்துவம், பொறியியல், வணிகம் என்று எல்லாப் பள்ளிகளும் வந்த பிறகும் பல்கலைக்கழகம் என்று பெயரை மாற்றிக்கொள்ளாமல் கல்லூரி என்றே இருக்கிறது.

குளிர்காலம் அங்கே நீளம். நவம்பரில் தொடங்கினால் மார்ச் கடைசிவரை பனி. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் போகும் நாட்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மாதங்களில் மாணவர்கள் செய்ததெல்லாம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவதும் சீட்டாடுவதும்தான். வெளியே போவதென்றால் வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும். சுற்றிலும் மலை இருந்தது. யாருக்கும் அது பயன்படவில்லை.

ஃப்ரெட் ஹாரிஸ் என்ற மாணவருக்கு இது பொறுக்கவில்லை. வெர்மான்ட்டின் பிராட்டில்போரோ ஊர்க்காரர். சிறுவயதிலேயே பனிச்சறுக்குக் கட்டைமேல் பைத்தியம். அன்றைய அமெரிக்காவில் ஸ்கீ என்பது நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் விசித்திரப் பழக்கம், அவ்வளவே. 1909 டிசம்பரில் மாணவர் நாளிதழுக்கு ஹாரிஸ் ஒரு கடிதம் எழுதினார். ஸ்கீயிலும் பனிக்காலணியிலும் ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து ஒரு கிளப் தொடங்கலாம். வாரம் ஒருமுறை கூட்டமாக வெளியே போகலாம். தாவுவதற்கு ஒரு சரிவு கட்டலாம். பிப்ரவரியில் ஒரு போட்டி நாள் வைக்கலாம். இவ்வளவுதான் கேட்டார். நிர்வாகத்திடம் நிதி கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. சக மாணவர்களிடம் ஆள் கேட்டார். அப்படிப் பிறந்தது டார்ட்மத் அவுட்டிங் கிளப். அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த வகையில் மூத்தது இதுதான்.

1910-ல் போட்டி நாள் நடந்தது. 1911-ல் அது நடனமும் விருந்துமாகப் பெருத்து 'விண்டர் கார்னிவல்' ஆயிற்று. அன்று டார்ட்மத்தில் ஆண்கள் மட்டுமே படித்தார்கள். ஆகவே பிற ஊர்களின் பெண்கள் கல்லூரிகளிலிருந்து விருந்தினர்கள் ரயிலேறி வந்தார்கள். விழாவின் புகழில் பாதிக்குப் பனிச்சறுக்கு காரணம், மீதிக்கு அந்த ரயில் காரணம். பிறகு கல்லூரித் திடலின் நடுவே பெரிய பனிச்சிலை வைக்கும் வழக்கம் வந்தது. ஹாலிவுட்டும் வந்தது. 1939-ல் 'விண்டர் கார்னிவல்' என்றே ஒரு படம். திரைக்கதை எழுத அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் பட் ஷுல்பர்க், மற்றவர் நாவலாசிரியர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஹனோவரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் குடித்துக் கிடந்ததைப் பார்த்துத் தயாரிப்பாளர் அவரை வேலையிலிருந்தே நீக்கினார். படம் ஒன்றும் பிரமாதமில்லை. ஷுல்பர்க் பின்னாளில் அந்த அனுபவத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார், அதுதான் லாபம்.

ஹாரிஸ் கார்னிவலோடு நின்றவர் அல்ல. 1913-ல் இரண்டு நண்பர்களோடு, வடகிழக்கு அமெரிக்காவின் மிக உயரமான சிகரமான மவுன்ட் வாஷிங்டனில் ஸ்கீயோடு ஏறினார். 1920-ல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் நியூ ஹாம்ப்ஷயர் குன்றுகளில் ஸ்கீ போவதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார், படங்களோடு. அதைப் படித்த பையன்கள் நாடெங்குமிருந்து டார்ட்மத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள் என்று கல்லூரி வரலாற்றில் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு கல்லூரியின் விளம்பரத்தைப் பனி செய்தது என்றால் நம்பக் கடினம். ஆனால் அதே கட்டத்தில்தான் விண்ணப்பம் குவிந்து, வந்தவர்களில் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் முறைக்குக் கல்லூரி மாற வேண்டியிருந்தது.

விழாவும் விளம்பரமும் கண்ணில் படுகிற விஷயங்கள். கிளப்பை நூறாண்டு தாண்டி நிற்க வைத்தது வேறு. அது கோடரியும் மண்வெட்டியும் பிடித்த வேலை.

ஜான் ஜான்சன் என்று ஒரு பாதிரியார், 1866-ல் படித்து முடித்தவர். பையன்கள் வெளியே போகத் தொடங்கியதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்து, தன் மலைப்பண்ணையையும் பணத்தையும் கிளப்புக்குக் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஹனோவரிலிருந்து ஒயிட் மவுன்டன்ஸ் நோக்கி வரிசையாக மரக்குடில்கள் எழுந்தன. ஒரு குடிலிலிருந்து அடுத்ததற்கு ஒரு நாள் நடை. இடையில் பாதை. இரண்டையும் மாணவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஊர்க் காட்டில் ஒரு பாதையைச் சில ஆண்டுகள் யாரும் தொடாமல் விட்டால் அது இருந்த இடம் தெரியாது. குளிர்காலப் புயலில் ஸ்புரூஸ் மரங்கள் வேரோடு சாய்ந்து குறுக்கே விழும். வெளிச்சம் விழுந்த இடத்தில் பிர்ச் கன்றுகள் முளைத்து இடுப்புயரம் வளரும். எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தண்ணீர். ஏப்ரலில் பனி உருகும்போது, சரிவில் நேராக ஏறும் பாதை ஓடையாக மாறிவிடும். மண் போய்க் கல் மிஞ்சும். கல்லில் நடக்க விரும்பாதவர்கள் ஓரமாக நடப்பார்கள். பாதை அகலமாகி இன்னும் மண் போகும். இதற்கு ஒரே வைத்தியம், பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு மரத்துண்டையோ கற்களையோ பதித்து, தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி விடுவது. சாய்வு குறைந்தால் சேறு தேங்கும். கூடினால் தண்ணீர் வேகம் பிடித்துக் கட்டையையே அரித்துவிடும். சரியாகப் பதித்தாலும் ஒவ்வோர் இலையுதிர்காலமும் சருகு அடைத்துக்கொள்ளும். யாராவது ஒருவர் கொத்தோடு போய், ஒவ்வொரு வடிகாலாக நின்று, கறுத்த சருகுக் குழம்பை வாரி வெளியே போட வேண்டும். மழை ஜாக்கெட்டுக்குள் வியர்வை, வெளியே தூறல், விரல் விறைக்கும். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் இதற்குப் பெயர் கொடுத்துப் போகிறார்கள். கிளப்பின் 'கேபின் அண்ட் ட்ரெயில்' பிரிவின் வேலை இதுதான்.

இந்தப் பாதைகளுக்கு எதிர்பாராத மரியாதை ஒன்று கிடைத்தது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை நீளும் அப்பலேச்சியன் ட்ரெயில் என்ற நெடும்பாதையை 1921-ல் பென்டன் மக்காய் என்பவர் முன்மொழிந்தார். இன்று அதன் நீளம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். அதை அமைத்தபோது ஹனோவர் பக்கத்தில் புதிதாக வெட்ட வேண்டிய தேவை அதிகம் எழவில்லை. மாணவர்கள் வைத்திருந்த பாதையே நெடும்பாதையின் அங்கமாயிற்று. ஆகவே இன்று அந்தப் பாதை ஹனோவரின் கடைத்தெரு வழியாகவே போகிறது. இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைக் கோடுதான் பாதையின் அடையாளம். காட்டில் மரத்தில் இருக்கும், ஹனோவரில் கம்பத்தில் இருக்கும். ஜார்ஜியாவிலிருந்து மாதக்கணக்கில் நடந்துவந்து தாடியும் அழுக்குமாக நிற்கும் ஆளும், தேர்வுக்கு ஓடும் மாணவியும் ஒரே நடைபாதையில் உரசிக்கொண்டு போகும் காட்சி வேறு கல்லூரி ஊர்களில் எளிதில் கிடைக்காது. அந்தப் பாதையில் 50 மைலுக்கு மேல் பராமரிக்கும் பொறுப்பு இப்போதும் அவுட்டிங் கிளப்பிடம்தான்.

'தி ஃபிஃப்டி' என்று ஒரு மரபு. ஹனோவரிலிருந்து மூசிலாக் மலைவரை 50 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தைச் சிறு குழுவாக ஒரே மூச்சில் நடப்பது. இரவும் நடை. வழியில் இடையிடையே மற்ற மாணவர்கள் சூடான சாப்பாட்டோடும் கோமாளி வேடத்தோடும் காத்திருப்பார்கள். விடியற்காலையில் மரங்களெல்லாம் மனிதர்களாகத் தெரியத் தொடங்கும் என்று நடந்தவர்கள் சொல்கிறார்கள். இதனால் உடம்புக்கு நன்மை என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

மூசிலாக்கின் உயரம் 4,802 அடி. நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த அட்சரேகையில் அந்த உயரமே மரங்களுக்கு எல்லை. மேலே வெறும் பாறையும் புல்லும் காற்றும். 1860-ல் உச்சியில் ஒரு விடுதி கட்டி, பிறகு வண்டிப்பாதையும் போட்டார்கள். 1920-ல் அது கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. மாணவர்கள் அதைக் கோடைக்கால முகாமாக நடத்தினார்கள். 1942-ல் இடி விழுந்து எரிந்துபோயிற்று. அந்த வண்டிப்பாதைக்கு ஸ்கீ வரலாற்றில் இடம் உண்டு. 1927-ல் அதில் நடந்த இறக்கப் பந்தயம்தான் நவீன முறையில் அமெரிக்காவில் நடந்த முதல் பந்தயம் என்பார்கள். 1933-ல் முதல் தேசிய இறக்கப் போட்டியும் அங்கேயே. இன்றைய ஸ்கீ மைதானங்களின் அகலமான சரிவுகளை மனத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. வளைந்து நெளிந்து போகும் மாட்டுவண்டித் தடம் அது. இரண்டு பக்கமும் மரம்.

மலையின் கிழக்குச் சரிவில் 1938-ல் ரவைன் லாட்ஜ் எழுந்தது. ராஸ் மெக்கென்னி என்ற மெய்ன் மாநிலக் காட்டு வழிகாட்டி தலைமையில், பெரிய ஸ்புரூஸ் தண்டுகளை அடுக்கிக் கட்டியது. மாணவர்களுக்குக் கோடரி பிடிக்கவும் துடுப்புச் செதுக்கவும் கற்றுக்கொடுத்த ஆசான் அவர். பட்டம் ஏதும் கிடையாது. 1947-ல் கல்லூரிகளுக்கிடையே மரம் அறுக்கும், மரம் வெட்டும் போட்டிகளைத் தொடங்கி வைத்ததும் அவர் தூண்டுதல்தான். எண்பது ஆண்டை நெருங்கியபோது பழைய லாட்ஜ் உளுத்துவிட்டது. இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று பழைய மாணவர்கள் நெஞ்சடைக்க விவாதித்தார்கள். கடைசியில் இடித்து, 2017-ல் அதே இடத்தில் புதிய மரக்கட்டடம் திறந்தார்கள். மரக்கட்டடத்துக்குப் பாசம் ஆயுளைக் கூட்டாது. அந்த முடிவு சரியானதே.

இந்த மலைப் பித்துக்கு ஒரு கறுத்த பக்கமும் உண்டு. 1936-ல் ஜாக் டுரான்ஸ் என்ற மாணவர் டார்ட்மத் மலையேற்றக் கழகத்தைத் தொடங்கினார். ஜெர்மனியில் வளர்ந்து ஆல்ப்ஸில் பழகிய கை. மூன்றே ஆண்டில், 1939-ல், ஃப்ரிட்ஸ் வீஸ்னர் தலைமையில் கே2 சிகரத்துக்குப் போன அமெரிக்கக் குழுவில் ஆறு பேர். அதில் மூன்று பேர் டார்ட்மத்காரர்கள். டுரான்ஸ், சாப்பல் கிரான்மர், ஜார்ஜ் ஷெல்டன். பின்னவர்கள் இருவரும் இருபதைத் தாண்டிய பிள்ளைகள். 8,611 மீட்டர் மலை. அதுவரை யாரும் ஏறியதில்லை. கிரான்மர் அடிவார முகாமிலேயே சாகக் கிடந்தார். மருத்துவம் படிக்கவிருந்த டுரான்ஸ் இரவு பகலாகப் பக்கத்திலிருந்து காப்பாற்றினார். டுரான்ஸின் உயர்மலைக் காலணி வந்து சேரத் தாமதமானது, காலில் குளிர் ஏறியது. மேலே வீஸ்னரும் ஷெர்பா பசாங் லாமாவும் உச்சிக்குச் சில நூறு மீட்டர்வரை போய்த் திரும்பினார்கள். குழுவிலிருந்த டட்லி வுல்ஃப் மேல் முகாமில் தனியாகச் சிக்கிக்கொண்டார். அவரை இறக்கிவர ஏறிய பசாங் கிகுலி, பசாங் கிதார், பிந்சூ என்ற மூன்று ஷெர்பாக்கள் திரும்பவே இல்லை. வுல்ஃபும் இல்லை. இடையிலிருந்த முகாம்களிலிருந்து படுக்கைகளை யார் எடுக்கச் சொன்னது, யார் எடுத்தது என்ற சண்டை பல பத்தாண்டு நடந்தது; டுரான்ஸ் தலையில் நீண்டகாலம் பழி கிடந்தது.

சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது மலையேற்ற வரலாற்றாசிரியர்கள் பாடு. மற்றவர்களின் துணிச்சலுக்கு டார்ஜிலிங்கிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் உயிரால் விலை கொடுத்தார்கள் என்பதில் மட்டும் விவாதத்துக்கு இடமில்லை. நியூ ஹாம்ப்ஷயர் குன்றில் பழகிய தைரியம் கே2-வில் போதவில்லை.

அந்தக் குன்றுகளையும் லேசாக எடுக்க முடியாது. 1934 ஏப்ரல் 12 அன்று மவுன்ட் வாஷிங்டன் உச்சியில் மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவானது. மனிதன் நின்று அளந்த தரைக்காற்றில் அதற்கு மிஞ்சியது இன்றுவரை இல்லை. அதை அளந்த வானிலை ஆய்வு நிலையத்தை 1932-ல் மீண்டும் தொடங்கியவர்களில் ஒருவர் ராபர்ட் மொனஹன், 1929-ல் டார்ட்மத்தில் படித்து முடித்தவர், அவுட்டிங் கிளப்பில் ஊறியவர். பின்னாளில் கல்லூரியின் வனவியலாளர் ஆனார். பிள்ளைகளை இப்படிப்பட்ட மலைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு இன்று முதலுதவிப் பயிற்சி கட்டாயம். போகும் வழி, திரும்பும் நேரம் எழுதிக் கொடுக்காமல் கிளம்ப முடியாது. மேகம் இறங்கினால் உச்சிக்கு 200 மீட்டர் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். திரும்பச் சொல்கிற தலைவருக்கும் வயது இருபதுதான். உடன் வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதுதான் அந்தப் பயிற்சியில் கடினமான பாடம்.

இனி, மலையையே பார்க்காத பிள்ளையைப் பற்றி. அமெரிக்கக் கல்லூரியில் சேரும் எல்லோரும் ஸ்கீயோடு பிறந்தவர்கள் அல்ல. நியூயார்க் அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள், டெக்சஸ் சமவெளிக்காரர்கள், சென்னையிலிருந்தும் நைரோபியிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. 1935-ல் கிளப் ஒரு வழி கண்டுபிடித்தது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, புதிய மாணவர்களைச் சிறு குழுக்களாகச் சில நாள் காட்டுக்கு அழைத்துப் போவது. ஒரு குழுவுக்கு மூத்த மாணவர்கள் இருவர் தலைவர்கள். இன்று அதற்குப் பெயர் வெறுமனே 'ட்ரிப்ஸ்'. ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குமேல் போகிறார்கள். சேரும் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர். கட்டாயம் கிடையாது. கடினமான மலை நடையும் உண்டு, படகும் உண்டு, பாறை ஏறுவதும் உண்டு. மண்வெட்டி எடுத்துப் பாதை வேலை செய்யும் குழுவும், பண்ணையில் களை பறிக்கும் குழுவும், குடிலில் தங்கிச் சமைத்து அரட்டை அடிக்கும் குழுவும் உண்டு. ஆள் திரட்டுவது, சாப்பாட்டுப் பட்டியல் போடுவது, வண்டி ஏற்பாடு, ஒவ்வாமைக் குறிப்புகளைச் சரிபார்ப்பது எல்லாம் மாணவர்கள் கையில். பேராசிரியர் மேற்பார்வை உண்டா என்று நம் வீடுகளில் பெற்றோர் கேட்பார்கள். நிர்வாகத்தின் ஊழியர்கள் சிலர் பின்னால் இருக்கிறார்கள், முன்னால் இல்லை.

இந்தப் பயணங்களின் விவரங்களில் சில கேலிக்கூத்தானவை. வரவேற்கும் மூத்தவர்கள் முடிக்கு நீலமும் ஊதாவும் பூசிக்கொண்டு, விசித்திர உடையில், 'சால்ட்டி டாக் ராக்' என்ற பழைய பாட்டுக்கு ஆடக் கற்றுக்கொடுத்த காலம் உண்டு. ஆடத் தெரியாது என்று ஒதுங்க முடிந்ததில்லை, ஏனென்றால் யாருக்குமே சரியாகத் தெரிந்ததில்லை. லாட்ஜில் காலைச் சாப்பாட்டுக்குப் பச்சை நிறத்தில் முட்டை வந்ததும் உண்டு. குழந்தைகளுக்குப் பச்சை முட்டைக் கதை எழுதிய டாக்டர் சூஸ், அதாவது தியடோர் கைசல், 1925-ல் இங்கே படித்து முடித்தவர், அதற்கான மரியாதை. கையில் தட்டோடு, பக்கத்தில் யார் என்று தெரியாமல் உட்காரும் பிள்ளை, மூன்று நாள் ஒரே டென்ட்டில் படுத்தெழுந்த பத்துப் பேரைத் தெரிந்துகொண்டு கல்லூரிக்குள் நுழைகிறது. விடுதி அறையில் தனியே அழும் முதல் வாரத்துக்கு இது எவ்வளவு பெரிய மாற்று என்பதை, வீட்டைவிட்டுப் படிக்கப் போனவர்கள் அறிவார்கள்.

ஆறு இருக்கும் ஊரில் படகு இல்லாமல் இருக்குமா? 1920-ல் தொடங்கிய லெட்யார்ட் கேனோ கிளப் அவுட்டிங் கிளப்பின் கிளைதான். ஜான் லெட்யார்ட் என்ற மாணவர், 1773-ல் ஆற்றங்கரையில் ஒரு பெரிய மரத்தைக் குடைந்து படகாக்கி, படிப்பை விட்டுவிட்டு, கனெக்டிகட் ஆற்றோடு ஹார்ட்ஃபர்டுவரை போய்விட்டார். பிறகு கேப்டன் குக்கின் மூன்றாவது கடல் பயணத்தில் சேர்ந்தார். ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குப் போகக் கிளம்பி 1789-ல் கெய்ரோவில் இறந்தார். படிப்பைப் பாதியில் விட்டு ஓடியவர் பெயரில் கல்லூரியே ஒரு கிளப் வைத்திருப்பது நல்ல நகைச்சுவை. மாணவர்கள் இன்றும் வசந்தகாலத்தில் ஹனோவரிலிருந்து துடுப்புப் போட்டுக் கடல்வரை போகும் வழக்கம் உண்டு. வழியில் அணைகள் குறுக்கிடும். அங்கெல்லாம் படகைத் தோளில் தூக்கிக் கரையோரம் நடந்து மறுபக்கம் இறங்க வேண்டும். ஹனோவருக்குத் தெற்கே ஆற்றின் நடுவிலுள்ள கில்மன் தீவில் இந்தக் கிளப்பின் மரக்குடில் ஒன்று 2009-ல் எரிந்தது. ஒப்பந்ததாரரைக் கூப்பிடவில்லை. மாணவர்களே மரம் தேர்ந்து, பட்டை உரித்து, ஒவ்வொரு தண்டின் அடிப்புறத்தையும் கீழ்த்தண்டின் வளைவுக்குப் பொருந்தச் செதுக்கி, மீண்டும் எழுப்பினார்கள். படிப்போடு படிப்பாக இது பருவங்கள் தாண்டி நடந்தது. தொடங்கிய சிலர் பட்டம் வாங்கிப் போய்விட, பின்னால் வந்தவர்கள் தொடர்ந்தார்கள்.

பாராட்டு மட்டும் பாடினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். முதல் 60 ஆண்டு இந்த மலையெல்லாம் ஆண்களுக்கு மட்டும். டார்ட்மத் மாணவிகளைச் சேர்த்ததே 1972-ல். ஆனால் பெண்கள் கல்லூரியான மவுன்ட் ஹோலியோக்கில் 1838 முதலே இலையுதிர்காலத்தில் ஒரு நாள் வகுப்பை நிறுத்திவிட்டு மாணவிகள் மலை ஏறினார்கள். ஸ்மித் கல்லூரியில் 1877 முதல். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். காலையில் மணி அடித்தால் அன்று வகுப்பு இல்லை, மலை. நீண்ட பாவாடையோடு ஏறிய அந்தப் பெண்களைப் பற்றி யாரும் திரைப்படம் எடுக்கவில்லை. ஹாரிஸுக்கு 70 ஆண்டு முன்பே அவர்கள் போய்விட்டார்கள் என்பதைக் கார்னிவல் பெருமை பேசுகிறவர்கள் நினைவில் வைத்தால் நல்லது. இன்று டார்ட்மத்தில் பெண்கள் தலைமையேற்றுப் பெண்களை அழைத்துப் போகும் தனிப்பிரிவே கிளப்பில் இருக்கிறது.

நிலத்தின் கணக்கு இன்னும் பழையது. 1769-ல் கல்லூரி தொடங்கியபோது அதன் பட்டயம், பூர்வகுடி இளைஞர்களின் கல்வியைத்தான் முதலில் சொன்னது. அதற்காக 1766 முதல் 1768 வரை பிரிட்டன் முழுவதும் சுற்றிப் பிரசங்கம் செய்து பணம் திரட்டியவர் மொஹிகன் இனத்தைச் சேர்ந்த சாம்சன் ஆக்கம். பணம் வந்தது, பூர்வகுடி மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே வந்தார்கள். தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே ஆக்கம் எழுதினார். 1970-ல்தான் கல்லூரி அந்தப் பழைய வாக்கை மறுபடி கையில் எடுத்தது. ஆக்கத்தின் கடிதங்களையும் காகிதங்களையும் 2022-ல் மொஹிகன் இனத்தாரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கார்னிவல் நாட்களில் மாணவர்கள் பனியை வெட்டி உள்ளே குதித்து அலறும் குளத்தின் பெயர் ஆக்கம் குளம்.

பணம் அடுத்த தடை. மழைச்சட்டை, தடித்த காலணி, ஸ்லீப்பிங் பேக், குளிர் தாங்கும் உள்ளாடை என்று கடையில் வாங்கப் போனால் ஒரு பருவத்துப் புத்தகச் செலவைத் தாண்டிவிடும். மலை இலவசம், மலைக்குப் போவது இலவசம் அல்ல. இதைக் கல்லூரி உணர்ந்து சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் நிலையம் வைத்திருக்கிறது. வசதி இல்லாதவர்களுக்குப் புதுமாணவர் பயணத்தில் உதவித்தொகையும் உண்டு. இருந்தும், சொந்தக் காலணியோடு வருகிறவனும் இரவல் காலணியோடு வருகிறவனும் முதல் நாளே அடையாளம் தெரிந்துவிடுகிறது. பழைய கை மாணவர்கள் வேண்டுமென்றே ஒட்டுப்போட்ட சட்டையும் நைந்த பையும் போட்டுக்கொள்வது அங்கே ஒரு மோஸ்தர். அதையும் வசதியுள்ளவர்களால்தான் கூச்சமில்லாமல் செய்ய முடியும்.

பனியும் முன்போல் இல்லை. கார்னிவல் நாளில் திடலில் போதிய பனி இல்லாமல் சிலை சிறுத்த ஆண்டுகள் உண்டு. 1956 முதல் கல்லூரி நடத்திவரும் ஸ்கீ மைதானத்தில் இயந்திரம் வைத்துப் பனி செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு காடு. மெய்ன் எல்லையை ஒட்டி, கனடாவுக்கு அருகில், ஏறக்குறைய 27,000 ஏக்கர் கல்லூரிக்குச் சொந்தம். 'செகண்ட் காலேஜ் கிராண்ட்' என்று பெயர். ஸ்விஃப்ட் டயமண்ட், டெட் டயமண்ட் என்று இரண்டு ஆறுகள் அதற்குள் ஓடுகின்றன. வாயிற்கதவுச் சாவியும் குடில் முன்பதிவும் இருந்தால் மாணவர்கள் போய்த் தங்கலாம். மின்சாரம் கிடையாது, மூஸ் மான்கள் நிறைய. மரத்தைக் கணக்காக வெட்டி விற்கவும் செய்கிறார்கள். 1807-ல் மாநிலச் சட்டமன்றம் இதைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தபோது உல்லாசம் யார் மனத்திலும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரின் ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு இதன் வருமானம் போக வேண்டும் என்பதே நிபந்தனை. ஆக, அந்தக் காட்டில் விறகடுப்பு மூட்டிச் சமைக்கும் மாணவர் கூட்டத்தில், வெட்டிய மரத்தின் பணத்தில் படிக்கிற பையனோ பெண்ணோ யாராவது இருக்கக்கூடும்.